திறந்த வாயிலும் அடைத்த செவியும்: அடிமைகொண்டோர் எழுதிய சமயக் குறிப்புக்களைப் பற்றிய ஆராய்ச்சி

பிறர் கொள்கையை மறுக்கப் புகுவோன், அக்கொள்கையை முதற்கண் அதனை உடையோர் கூறுமாறே எடுத்துரைத்தல் வேண்டும் என்பது தமிழ்நாட்டுச் சமய நூலார் கைக்கொண்ட முறை. அருணந்தி சிவாசாரியர் அருளிய சிவஞான சித்தியாரின் பரபக்கம் இம்முறைக்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும். உலகாயதர் முதலாக 14 மதத்தினரையும் நிரல்பட நிறுத்தி, அவரவர் மதத்தை முதலில் அவரவர் கோளாகவே கூறி, அதன் பின்னரே ஆசிரியர் மறுப்பைத் தொடங்குகின்றார். மாற்றான் கூற்றைத் திரித்து வைத்துக்கொண்டு அதனை மறுத்தல் மறுப்பாகாது.

அந்நூலிலேயே அளவை இலக்கணமும் வகுக்கப்பட்டுள்ளது. அளவைகள் பலவாக விரித்துரைக்கப்படினும், அவை யாவும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்பதும், காண்டலுள்ளும் ஐயமும் திரிபும் புகுமாயின் அது கொள்ளற்பாலதன்று என்பதும் சித்தாந்த நூல் பயில்வார் அறிந்தனவே. இவ்விரு முறைகளையும் உரைகல்லாகக் கொண்டு, மக்களை விலைக்கு வாங்கியும் விற்றும் வாழ்ந்த ஐரோப்பியத் தலைமக்கள், தாம் அடிமைகொண்டோரின் வழிபாட்டைப் பற்றி எழுதிவைத்த குறிப்புக்களை ஆராய்தலே ஈண்டுக் கருதப்பட்டது. அக்குறிப்புக்களுட் பெரும்பாலன ஆபிரிக்க மக்களைப் பற்றியன. ஆயினும் இவ்வாராய்ச்சி தொடங்கற்குரிய இடம் தொலைவில் இல்லை. தொண்டைநாட்டுக் கடற்கரையிலேயே உள்ளது.

திருவள்ளூர் மாவட்டத்துப் பொன்னேரி வட்டத்தில், ஏரியும் கடலும் கூடும் முகத்துவாரத்தை அடுத்துப் பழவேற்காடு என்னும் பேரூர் உளது. தொழிற்சாலைகள் நிறைந்த கும்மிடிப்பூண்டிக்கு நேர் கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் அஃது அமைந்துள்ளது. ஒல்லாந்தருடைய கிழக்கிந்தியக் கம்பெனியார் அங்கு 1613 ஆம் ஆண்டில் கெல்திரியா என்னும் கோட்டையை எடுத்தனர். 1690 ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரையில் அவர்தம் தலைமையிடம் அதுவே. அக்கரையின் வண்ணத் துணிகள் அங்கிருந்து கீழைத் தீவுகளுக்குச் சென்றன என்பது பலரும் அறிந்த செய்தி. துணியோடு மக்களும் ஏற்றுமதியாயினர் என்பது அத்துணைப் பலர் அறியாதது.

கம்பெனியார் 1619 இல் பத்தேவியா நகரத்தை நிறுவினர். 1621 இல் பாந்தாத் தீவுகளின் குடிகளுட் பெரும்பாலோரைக் கொன்றும் அகற்றியும் சாதிக்காய்த் தோட்டங்களைத் தமதாக்கிக்கொண்டனர். ஆளற்ற தோட்டங்களுக்கு ஆள் வேண்டியதாயிற்று. அக்காலம் விசயநகரப் பேரரசு தளர்ந்து, உள்நாட்டுப் போரும் வற்கடமும் சோழமண்டலக் கரையை வருத்திய காலம். பசியால் விற்கப்பட்டோரும், போரிற் பிடிபட்டோரும், கள்ளத்தாற் கவரப்பட்டோரும் ஆகிய ஆடவர், பெண்டிர், சிறார் பழவேற்காடு முதலிய துறைகளிலிருந்து கப்பலேற்றப்பட்டனர். அந்நூற்றாண்டில் ஒவ்வொரு பஞ்சத்தையும் ஒட்டி இவ்வாணிகம் பெருகியது. 1659 முதல் 1661 வரை தென்பாலிருந்த துறைகளில் விலைப்பட்டோர் மட்டுமே பல்லாயிரவர்.

இக்கோட்டையில் 1632 முதல் 1642 வரை கிறித்தவ குருவாக இருந்தவர் ஆபிரகாம் ரொகேரியசு. அவர் பின்னர்ப் பத்தேவியாவிற் சில ஆண்டு பணிபுரிந்து தாய்நாடு மீண்டு, 1649 இல் இறந்தார். அவர் எழுதிவைத்த நூலை அவர்தம் மனைவியார் 1651 இல் லெய்டன் நகரில் வெளிப்படுத்தினார். ‘மறைந்து கிடந்த புறச்சமயத்துக்குத் திறந்த வாயில்’ என்பது அதன் பெயர்க்குரிய பொருளாகும். இந்தியச் சமயங்களைப் பற்றி ஐரோப்பியர் எழுதிய தொடக்ககால நூல்களுள் இது மிக்க மதிப்புடையது. 1663 இல் செருமானிய மொழியிலும் 1670 இல் பிரெஞ்சு மொழியிலும் பெயர்க்கப்பட்டு ஐரோப்பா முழுவதும் பரவியது.

இந்நூலின் நலம் மறைக்கற்பாலதன்று. ரொகேரியசு பதுமநாபர் என்னும் பிராமணரை அணுகி, இருவர்க்கும் பொதுவாய் வழங்கிய போர்த்துக்கீசிய மொழியில் உரையாடி, அவர் கூறியவற்றைப் பொறுமையுடன் எழுதிக்கொண்டார். வைணவர், சைவர், சுமார்த்தர், சார்வாகர், பாசண்டர், சாத்தேயர் என அறுவகைப் பிரிவினரை அந்நூல் பெயர் சொல்லிக் குறிக்கின்றது. பர்த்துருகரியின் நீதி, வைராக்கியம் என்னும் இரு சதகங்களின் பெயர்ப்பும் அதன் இறுதியிற் சேர்க்கப்பட்டுள்ளது. வடமொழி இலக்கியம் ஐரோப்பிய மொழியொன்றில் அச்சேறியது இதுவே முதன்முறை. காம நுவலும் சதகத்தைப் பதுமநாபர் பெயர்த்துச் சொல்லவில்லை. சொல்வோர் விரும்பியதைச் சொல்லவும் விரும்பாததை ஒழிக்கவும் உரிமை பெற்றிருந்தார் என்பதற்கு இதுவே சான்று. ஓரளவிற்குப் பரபக்க முறை இங்கே காக்கப்பட்டது எனலாம்.

எனினும் நூலின் தலைப்பு முழுவதையும் நோக்குவார்க்கு ஒரு குறை புலனாகும். சோழமண்டலக் கரையிலும் அதனைச் சூழ்ந்த நாடுகளிலும் உள்ள பிராமணரின் வாழ்க்கை, ஒழுக்கம், சமயம், வழிபாடு என்பவற்றின் மெய்வரலாறு என்றே அத்தலைப்பு விரிகின்றது. வாயில் புறச்சமயம் முழுமைக்கும் திறந்ததாகச் சொல்லப்படினும், உள்ளே நின்று பேசுவோர் ஒரு வகுப்பினரே. அக்கோட்டையின் துறையிலிருந்து ஏற்றப்பட்டாருள் ஒருவரேனும் தம் தெய்வம் இன்னதென்றும், தம் வேண்டுதல் இன்னதென்றும் சான்று கூறுவாராக அந்நூலில் நிறுத்தப்படவில்லை. அவர் போர்த்துக்கீசியம் அறியார் என்பது விடையாகாது. அவரை விலைபேசுதற்குரிய மொழி கிடைத்தபோது, அவரை வினவுதற்குரிய மொழி கிடைக்கவில்லை என்றல் பொருந்தாமை காண்க. வினவப்படாமைக்குக் காரணம் மொழியின்மை அன்று. விலைப்பொருளுக்குச் சமயம் உண்டென எண்ணாமையே. பத்தேவியாவின் 1642 ஆம் ஆண்டுச் சட்டத் தொகுதியும் தம் சீர்திருத்தக் கிறித்தவம் ஒழிந்த பிற சமயங்களின் வெளிப்படையான வழிபாட்டை விலக்கியே வைத்தது. கேட்கவும் படாமல், காட்டவும் விடப்படாமல் அம்மக்களின் வழிபாடு ஏடுகளினின்றும் மறைந்தது.

பழவேற்காட்டில் காணப்படுவது கேளாமை. அத்திலாந்திக்குக் கடலின் அப்பாலிருந்த கரும்புத் தீவுகளில் காணப்படுவதோ கேளாமையோடு கூடிய இட்டுரை. பிரெஞ்சு அரசர் 14 ஆம் லூயி 1685 இல் பிறப்பித்த கருஞ்சட்டம், தம் தீவுகளில் உள்ள அடிமைகள் யாவரும் திருமுழுக்குப் பெறல் வேண்டும் என்றும், கத்தோலிக்கம் ஒழிந்த பிற சமயத்தை வெளிப்பட வழிபடல் ஆகாது என்றும் விதித்தது. அடிமைகள் கூட்டமாகக் கூடுதலையும் அதே சட்டம் தண்டத்துக்குரிய குற்றமாக்கியது. வழிபாடு என்பது பலர் கூடிச் செய்வது. கூடுதலே குற்றமாயின், வழிபாடு இரவிலும் காட்டிலும் ஒளிந்து நிகழ்தல் இயல்பேயாம். அவ்வாறு ஒளிக்கச் செய்தவரே பின்னர், ‘இவர் வழிபாடு இருளில் நிகழ்கின்றது, ஆதலின் இது தீயது’ என எழுதினர். காரணத்தைத் தாமே விளைத்து, அதன் காரியத்தைப் பிறர்மேற் குற்றமாக ஏற்றுவது இம்முறை.

ஆங்கிலேயர்க்குரிய ஜமெய்க்காத் தீவில் 1760 இல் தாக்கி என்னும் தலைவனின்கீழ் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். அவருட் சிலர் தம் நாட்டுச் சமயப் பெரியோர் முன்னிலையிற் சூளுரைத்தனர் என்பது உசாவலில் வெளிப்பட்டது. உடனே அவ்வாண்டின் இறுதியில், ஒபியா என்று சொல்லப்பட்ட மந்திரச் செயலைச் செய்வார்க்கு மரணம் அல்லது நாடுகடத்தல் தண்டமாகும் என்று சட்டம் இயற்றப்பட்டது. அத்தீவிற் பெருந்தோட்ட உடைமையாளராய் வாழ்ந்த எட்வர்டு லாங் என்பார் 1774 இல் ஜமெய்க்கா வரலாற்றை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். ஆபிரிக்கரை மனிதர்க்கும் குரங்கிற்கும் இடைப்பட்டாராக நிறுத்த முயன்ற நூல் அது. ஒபியாப் பெரியோரை அவர் வஞ்சகர் என்றும், அவரை நம்பினாரை மூடர் என்றும் எழுதினார். நோய்க்கு மூலிகை கொடுத்தலும், களவு கண்டறிதலும், அஞ்சினார்க்குக் காப்புக் கட்டுதலும் அப்பெரியோர் தொழில்களுட் பெரும்பகுதியாக இருந்தமையைப் பிற்கால ஆராய்ச்சியாளர் விளக்கியுள்ளனர். லாங் முதலியோர் இவற்றை மருத்துவமாகவோ சமயமாகவோ கருதிலர்.

பிரெஞ்சுக்காரர்க்குரிய சேன் தொமிங்குத் தீவைப் பற்றி மொரோ தெ சேன் மெரி என்னும் வழக்கறிஞர் 1797 இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். மார்த்தினிக்குத் தீவிற் பிறந்த அவரும் அடிமைகளை உடையவரே. அடிமைகளின் வொடு வழிபாட்டைப் பாம்பு வணக்கமாகவும், வெறியாட்டாகவும், ஆட்சிக்குப் பேரிடர் விளைக்கத் தக்கதொரு கூட்டமாகவும் அவர் வருணித்தார். ஆபிரிக்காவின் மேற்குக் கரையில் வழங்கும் பொன் மொழியில் வொடுன் என்னும் சொற்குத் தெய்வம் என்பதே பொருள். அச்சொல்லின் பொருளை வினவி அறிந்து எழுதுதலை விடுத்து, அதனைச் சூனியத்துக்குப் பெயராக்கி உலகெங்கும் பரப்பியது அக்காலத்து ஐரோப்பிய எழுத்து. 1791 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் புவா கைமான் என்னும் இடத்து அடிமைகள் இரவிற் கூடிப் பலியிட்டுச் சூளுரைத்துக் கிளர்ச்சி தொடங்கினர் என்னும் செய்தியை முதன்முதல் அச்சிற் கொணர்ந்தவர் அந்துவான் தால்மா என்னும் பிரெஞ்சு மருத்துவர். 1814 இல் வெளிவந்த அவர் நூல், அப்பலியை அறியாமையின் செயலாகக் காட்டுகின்றது. அதே இரவை ஐத்தி நாட்டார் தம் விடுதலையின் தொடக்கமாகப் போற்றுகின்றனர். அக்கிளர்ச்சியின் முடிவில் 1804 இல் அந்நாடு தன்னுரிமை பெற்றது.

இனி இக்குறிப்புக்களை அளவை முறையால் நிறுத்துக் காண்டல் வேண்டும்.

முதலாவது காண்டல். தலைமக்களுட் பெரும்பாலோர் தாம் எழுதிய வழிபாட்டை உடனிருந்து கண்டாரல்லர். கண்டவர் கண்டதும் அச்சத்தோடு கூடிய காட்சியே. ஐம்பதின்மர் அடிமைகளிடையே ஓர் ஐரோப்பியன் வாழும் தோட்டத்தில், இரவில் எழும் பறையொலி யாருடைய செவிக்கும் ஒலியளவாய் நில்லாது. கயிற்றைப் பாம்பாகக் காணும் திரிபுக்காட்சிக்கு மங்கிய ஒளி வேண்டும். இவர்க்கு அச்சமே அம்மங்கிய ஒளியாயிற்று.

இரண்டாவது கருதல். ‘கிளர்ந்தார் சூளுரைத்தனர், சூள் சமயச் சடங்கொடு நிகழ்ந்தது, ஆதலின் அச்சமயம் தீயது’ என்பது இவர்தம் கருதலளவையின் வடிவம். இதன்கண் ஏது பிழைபட்டது. அடிமைத்தளையை அறுக்க முயலுதல் தீது என்பது முன்னரே நாட்டப்பட்டாலன்றி இவ்வேது நிற்கமாட்டாது. அஃது எங்கும் நாட்டப்படவில்லை. தோட்டத்துடையார்க்கு அது தெளிந்த உண்மையாகத் தோன்றியது, அவ்வளவே. அன்றியும், ஒரு சூளால் பல மொழியினரும் பல குலத்தினரும் உயிரையும் பொருட்படுத்தாது ஒன்றுபட்டனர் எனின், அச்சமயத்துக்கு மக்களைப் பிணிக்கும் அறவலிமை இருந்தது என்பதே அவ்வேதுவால் துணியப்படும். மேலும், ‘மூடரை ஏய்க்கும் வெறுங்கண்கட்டு’ என்று ஒருபக்கத்தும், ‘அரசையே கவிழ்க்கும் பேராற்றல்’ என்று மற்றொருபக்கத்தும் ஒருவரே எழுதுதல் தோல்வித்தானம் ஆகும். வெற்றுப் பொய்யாயின் மரணதண்டம் எற்றுக்கு? மரணதண்டம் வேண்டுமாயின் அது வெற்றுப் பொய் ஆவது யாங்ஙனம்?

மூன்றாவது உரை. மெய்ம்மை கூறுவான் ஒருவன் தான் உணர்ந்ததை உணர்ந்தவாறு சொல்லுதலே உரையளவை. இக்குறிப்புக்களில் அடிமையின் உரை வருமிடம் பெரும்பாலும் ஒன்றே, அது வழக்குமன்றம். தூக்குக்கயிற்றின்முன் நின்றவன் வாயினின்றும் பெறப்பட்டது வாக்குமூலம் எனப்படலாம், உரையளவை எனப்படாது. ஆகவே மூன்றளவையும் இவற்றிற்கு இல்லை. பொருளை உணர்த்தும் நூலாக இவற்றைக் கொள்ளுதல் கூடாது. எழுதினாருடைய அச்சத்தையும் உடைமைப் பற்றையும் உணர்த்தும் நூலாகக் கொள்ளுதல் கூடும். அவ்வகையில் இவை மிகச் சிறந்த சான்றுகளே.

அற்றேல், அடிமைகளின் வழிபாட்டில் தீமை சிறிதும் இல்லையோ, நஞ்சூட்டுதலும் பிறரை அச்சுறுத்துதலும் அவருள் நிகழ்ந்திலவோ எனின், நிகழ்ந்திருக்கலாம். எச்சமயத்தைச் சார்ந்தாருள்ளும் அவை நிகழ்ந்துள்ளன. ஆயின் ஒரு சமயத்தை அதன் மிகக் கீழ்ப்பட்டான் செயலாலும், தம் சமயத்தை அதன் மிக மேம்பட்டான் சொல்லாலும் அளத்தல் நடுவுநிலை ஆகாது. தோட்டத்துடையார் சவுக்கால் ஆண்ட கொடுமையைக் கிறித்தவத்தின் இலக்கணமாக அவர் எவரும் எழுதிலர். அந்நடுவுநிலையை அடிமைக்கும் அளித்திருத்தல் வேண்டும்.

பிரித்தானியர் தம் தீவுகளில் 1834 இலும், பிரெஞ்சுக்காரர் 1848 இலும் அடிமை முறையை நீக்கினர். நீக்கிய பின்னர் அதே தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் கப்பலேற்றப்பட்டனர். மார்த்தினிக்குத் தீவில் முதற்கப்பல் 1853 இல் இறங்கியது. அவர்கள் மாரியம்மனையும் மதுரைவீரனையும் உடன்கொண்டு சென்றனர். தீமிதியும் கிடாவெட்டும் அங்கே தொடர்ந்தபோது, ஆபிரிக்கர் வழிபாட்டிற்கு இட்ட பெயர்களே அவற்றிற்கும் இடப்பட்டன. மக்கள் மாறினர்; தெய்வம் மாறிற்று; பெயரிடுவோர் கையிலிருந்த சொல் மட்டும் மாறவில்லை. அடிமையின் வழிபாட்டைப் பற்றிய அவர்தம் எழுத்து, வழிபாட்டை நோக்கி எழுந்ததன்று, வழிபடுவோர் நிலையை நோக்கி எழுந்ததே என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

தாய்நாட்டில் நிகழ்ந்ததும் இதற்கு வேறன்று. தரங்கம்பாடியில் 1706 இல் வந்திறங்கிய சீகன்பால்கு, தமிழரோடு கடிதவாயிலாக வினாவிடை நிகழ்த்தி, 1713 இல் தமிழ்நாட்டுத் தெய்வங்களின் வரிசையை நூலாக எழுதினார். ஐயனார், எல்லையம்மன், மாரியம்மன், அங்காளம்மன், பிடாரி முதலிய ஊர்த்தெய்வங்களுக்கும் அதில் இடம் வகுத்தார். அவர் முடிபு தம் மதச்சார்புடையதே. ஆயினும் வழிபடுவோரை வினவினார் என்பது அவர்க்குரிய பெருமை. அவர் அனுப்பிய நூலை ஆல்லே நகரத்துத் தலைவர் பிராங்கே அச்சிட மறுத்தார். புறச்சமயத்தை அழிக்க விடுத்தோமேயன்றி அதனை ஐரோப்பாவிற் பரப்ப விடுத்திலோம் என்பது அவர் கருத்து. 154 ஆண்டு கழித்து, 1867 இல் அது சென்னையில் அச்சேறியது. அதற்கு முன்னரே, 1849 இல், கால்டுவெல் திருநெல்வேலி நாட்டுச் சான்றோர் சமூகத்தைப் பற்றி எழுதிய சிறுநூல் வெளிவந்து, அம்மக்களின் வழிபாட்டைப் பேய்வழிபாடு என உலகறியச் செய்துவிட்டது. அச்சமூகத்தார் பின்னாளில் அந்நூலை வன்மையாக மறுத்தனர். வினவி எழுதிய நூல் பேழையிற் கிடக்க, பெயரிட்டு எழுதிய நூல் நாடெங்கும் உலவியது.

இங்குப் பேய் என்னும் சொல்லை ஆராய்தல் இன்றியமையாதது. கிறித்தவ நூலார் கடவுளுக்குப் பகையாய் நிற்கும் சாத்தானைக் குறிக்கப் பேய், பிசாசு, அலகை என்னும் தமிழ்ச் சொற்களை எடுத்தாண்டனர். அதன்பின், தமிழர் பேய் எனச் சொல்லுமிடமெல்லாம் சாத்தானையே சொன்னதாகக் கொண்டனர். பழவேற்காடு உள்ள அதே திருவள்ளூர் மாவட்டத்திலேதான் திருவாலங்காடும் உளது. இரத்தின சபையாகிய அத்தலத்தில் இறைவன் காளியோடு ஆடிய கூத்தும், அவன் ஆடலைச் சூழ்ந்து நிற்கும் பேய்க்கணமும் சைவர் போற்றுவன. காரைக்காலம்மையார் இறைவனை வேண்டிப் பேய்வடிவம் பெற்று அங்கே திருவடிக்கீழ் இருந்தார். தம் பதிகங்களில் தம்மைக் காரைக்காற் பேய் என்றே குறித்துக்கொண்டார். அவரையே இறைவன் அம்மையே என அழைத்தான் என்பது பெரியபுராண வரலாறு. திருவாலங்காட்டில் அடிமைத்திறத்தின் முடிந்த நிலைக்குப் பெயராய் நின்ற சொல், திருச்சபைத் தமிழில் இறைவனுக்குப் பகைவன் பெயராய் நின்றது. சொற்பொருள் அறியாது மொழிபெயர்த்த ஒரு சொல்லால் ஒரு நாட்டின் வழிபாடு முழுவதும் பழிக்கப்பட்டது என்பது மிகையன்று. வொடுன் என்னும் சொற்குக் கடலின் அப்பால் நேர்ந்ததும் இதுவே.

அடிமைகளை அடிமைகொண்டோர் கண்ட விதம் இது. எளிய மக்கள் கண்ட விதம் வேறு. கொச்சியில், மட்டாஞ்சேரிப் பக்கத்தில், காப்பிரி முத்தப்பன் என்னும் தெய்வத்துக்கு இன்றும் மெழுகுதிரி ஏற்றுகின்றனர். சுருட்டும் கள்ளும் படைக்கின்றனர். போர்த்துக்கீசியர் ஆபிரிக்காவினின்றும் கொணர்ந்த அடிமைகளே காப்பிரிகள் எனப்பட்டோர். 1663 இல் ஒல்லாந்தர் கொச்சியைக் கைப்பற்றியபோது, போர்த்துக்கீசியர் தம் பொருளைப் புதைத்து, அதற்குக் காவலாக அடிமைகளைக் கொன்று உடன்புதைத்தனர் என்பது அங்கு வழங்கும் செவிவழிச் செய்தி. கொன்றவன் பெயரை ஊரார் மறந்தனர். கொல்லப்பட்டவனைப் பாட்டன் என முறைசொல்லி வணங்குகின்றனர். இவ்வணக்கம் தத்துவ நூலன்று. எனினும் அடிமைக்கும் உயிர் உண்டு, அவ்வுயிர் வணங்கத்தக்கது என்னும் துணிபு அதன்கண் உளது. லாங் எழுதிய மூன்று தொகுதிகளினும் அத்துணிபு இல்லை.

ஐரோப்பியர் அடிமைகளை இழித்துரைத்தனர் என்று கூறி அமைதல் எளிது. அவர்தம் அளவுகோல் அடிமைப்பட்டார் வழித்தோன்றல்கள் கையிலேயே பின்னர்ப் புகுந்தது என்பதே கருதத்தக்கது. வொடுவின் துணையால் விடுதலை பெற்ற ஐத்தி நாட்டில், அந்நாட்டு ஆட்சியாளரே 1835 இல் இயற்றிய தண்டச் சட்டத்தில் அவ்வழிபாட்டைச் சூனியக் குற்றத்துள் வைத்தனர். 1941 இல் கத்தோலிக்கத் திருச்சபை அரசின் துணையோடு நடத்திய மூடநம்பிக்கை ஒழிப்பில் அவர்தம் பறைகளும் வழிபடு பொருள்களும் குவித்து எரிக்கப்பட்டன.

தமிழ் வழங்கும் நாடுகளிலும் இதனையொத்தது உண்டு. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1854 இல் சைவதூஷண பரிகாரம் இயற்றி, சைவர் கிரியைகளைப் பழித்த பாதிரியார்க்கு அவர்தம் வேதநூலைக் கொண்டே விடையிறுத்தார். அத்தகைய பெரியாரே ஊர்த்தெய்வங்களையும் உயிர்ப்பலியையும் கடிந்தமை யாவரும் அறிந்தது. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நெறியில் நின்று அவர் கடிந்தார். அதில் வழு இல்லை. ஆயின் அவர் வழிவந்த கற்றோர் பலர் கொலையை மறுத்ததோடு அமையாது, வழிபடுவோரையே இழிந்தோர் என மறுத்தனர். சென்னை மாகாணத்தில் 1950 இல் கோயில்களில் விலங்கும் பறவையும் பலியிடுதலைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. நெடுநாள் உறங்கிய அச்சட்டம் 2003 இல் வன்மையாகச் செயற்படுத்தப்பட்டபோது, சிற்றூர் மக்கள் தம் குலதெய்வத்தின்முன் குற்றவாளிகளாய் நிற்க நேர்ந்தது. எதிர்ப்பு மிகவே 2004 இல் அது நீக்கப்பட்டது. ஆட்டைக் கடையில் அறுத்து விற்பது குற்றமன்று, ஐயனார்முன் அறுப்பதே குற்றம் என்றால், அங்கே விலக்கப்பட்டது கொலையோ, வழிபாடோ என்பது ஆராயத்தக்கது.

எத்தெய்வத்தை ஒருவர் வழிபடினும், அத்தெய்வமாய் நின்று அவ்வழிபாட்டை ஏற்பவன் மாதொருபாகனே என்பது சித்தியார் சுபக்கத்துத் துணிபு. இத்துணிபை உடையார்க்கு ஒரு வழிபாட்டை முதிராதது எனக் கூறும் உரிமை உண்டு. அதனைச் சாத்தானது எனக் கூறும் உரிமை இல்லை. முதிராதது என்பதும் வழிபடுவோன் உரையைக் கேட்டபின் கூறற்பாலதேயன்றி, அவன் ஆடையையும் வறுமையையும் கண்ட மாத்திரத்திற் கூறற்பாலதன்று.

இம்முடிபு பழங்கதைக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவில் அடிமை முறை 1843 ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், கொத்தடிமை 1976 ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் விலக்கப்பட்டன. எனினும் திருவள்ளூர் மாவட்டத்து அரிசி ஆலைகளினின்றும் செங்கற் சூளைகளினின்றும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்த குடும்பங்களை அரசினர் இந்நூற்றாண்டிலும் பலமுறை மீட்டுள்ளனர். அவருள் இருளர் பலர். ஆரணியாற்றங்கரைப் பெரியபாளையத்தில் ஆடித் திங்களில் வேப்பிலை உடுத்துப் பவானியம்மனை வலம்வருவாரும், மாசிமகத்தில் மாமல்லபுரக் கடற்கரையிற் கூடிக் கன்னியம்மனை வழிபடும் இருளரும் தம் வேண்டுதலைத் தம் வாயாற் சொல்லும் ஆற்றல் உடையர். 1909 இல் தர்சுடன் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட சாதிநூலில் இருளரைப் பற்றிய செய்தி உண்டு. அது பிறர் இருளரைப் பற்றிச் சொன்னது. இருளர் தம்மைப் பற்றிச் சொல்வதை எழுதிக்கொள்ளுதல், பழவேற்காட்டுக் கோட்டையிற் பத்தாண்டு இருந்தும் ரொகேரியசு செய்யாது விட்ட பணியாகும். பேசுவோர் அருகிலேயே உளர். அவர் மொழியும் தமிழே. எனவே ரொகேரியசுக்காகச் சொல்லத்தக்க மொழியின்மை என்னும் சாக்கும் இக்காலத்துத் தமிழறிஞர்க்கு இல்லை. பரபக்கம் கூறாது சுபக்கம் நாட்டுதல் முறையன்று என்பதைப் பயின்றோர், எளியோர் வழிபாட்டைப் பற்றிப் பேசுமிடத்தும் அம்முறையைக் கைவிடாது நிற்றல் கடனாகும்.